விண்ணப்பப் படிவமும் அதனை நிரப்புவோரும்

ஒருவர் தம்மினும் மேற்பட்டாரிடத்துத் தம் குறையையேனும் விருப்பத்தையேனும் எடுத்துரைத்து வேண்டிக்கொள்வது விண்ணப்பம் எனப்படும். அது தாளில் எழுதப்பட்ட காலத்தில், எழுத்தறியாதார் பொருட்டு மனு எழுதிக் கொடுப்போர் கச்சேரி வாயில்களிலும் மரத்தடிகளிலும் அமர்ந்திருந்தனர். இன்றும் சில ஊர்களில் அவர்களைக் காணலாம். வேலை வேண்டுவோர் விண்ணப்பமோ பெரும்பாலும் தாளை விட்டு இணையத்திற்கு ஏறிவிட்டது. ஆயினும் மனு எழுதுவோர் மறைந்திலர். மரத்தடியை விட்டுப் பிரௌசிங் சென்டருக்குள் புகுந்திருக்கின்றனர் என்றே சொல்லவேண்டும். பட்டம் பெற்றவரும், கைப்பேசியை நாள்தோறும் கையாளுபவருங்கூட, ஒரு படிவத்தை நிரப்புதற்பொருட்டு அங்கே சென்று பணங்கொடுத்துக் காத்திருப்பதை நாம் காண்கின்றோம். எழுத்தறிந்தார்க்கும் மனு எழுதுவோர் வேண்டியிருத்தற்குக் காரணம் யாது? படிவம் நிரப்புவோரை நோக்கி அமைக்கப்படாமல், பெறுவோரை நோக்கி அமைக்கப்படுதலே என்பது எம் கருத்து.

யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு ஒரு நிகழ்ச்சி காரணம். எம் விடுதியில் எம்மோடு ஓர் அறையில் உறையும் நண்பர் ஒருவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வரலாறு பயில்கின்றார், கணினியில் எம்மினும் விரைந்து தட்டெழுத வல்லவர். சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தார் எழுத்தர் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரினர். அவற்றுட் சில பார்வையற்றோர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தமையின் அவர் மகிழ்ந்து, பிறர் துணையின்றித் தாமே நிரப்பத் தொடங்கினார். படிவத்திலிருந்த கட்டங்களுட் பெரும்பாலானவற்றை அவருடைய கருவி ‘எடிட், வெற்று’ என்றே படித்தது. எக்கட்டத்தில் எதனை எழுதுவது? முன்னும் பின்னும் கேட்ட சொற்களைக் கொண்டு ஊகித்து எழுதினார். இருமுறை, காலங் கடந்துவிட்டதென்று படிவம் அவரை வெளியே தள்ளி, எழுதிய யாவற்றையும் அழித்துவிட்டது. மூன்றாம் முறை இறுதிப் பக்கத்தை அடைந்தார். அங்கே கோணலான எழுத்துக்களைக் கொண்ட படம் ஒன்றைக் காட்டி, அவ்வெழுத்துக்களைப் பார்த்துத் தட்டெழுதுமாறு படிவம் கேட்டது. கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு அவர் எம்மை உறக்கத்தினின்று எழுப்பினார்.

யாம் மறுபடியும் முதலிலிருந்து நிரப்பினோம். தம் கடவுச்சொல்லையும், தந்தையாரின் ஆண்டு வருவாயையும், மருத்துவச் சான்றிதழில் உள்ள செய்திகளையும், அறையிலிருந்த மற்றையோர் கேட்க அவர் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்தது. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் அனுப்பினோம். பல வாரங்களுக்குப் பின்னரே அறிந்தோம்: மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண் கட்டத்தில் அவர் சொன்ன எண்ணுக்கு மாறாக வேறோர் எண் இருந்தது. சான்றிதழோடு பொருந்தாமையின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கப்பர்நகூமிலே திமிர்வாதக்காரனைச் சுமந்து சென்று கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் அன்பைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கின்றோம். வாயிலில் வழியில்லாமற் போனமையாலன்றோ கூரையைப் பிரிக்க நேர்ந்தது என்பதனை அந்நிகழ்ச்சிக்குப் பிறகே நினைத்தோம். சுமப்போர் அன்புடையராயினும் கை தவறக்கூடும். ஆதலின் வாயில் எவ்வாறு அடைபடுகின்றது, எவ்வாறு திறக்கப்படும் என்பதனை ஆராய்வாம்.

பார்வையுடையார் படிவம் ஒன்றைக் காணுங்கால், ‘பிறந்த நாள்’ என்னும் எழுத்தும் அதன் அருகே ஒரு கட்டமும் தோன்றுகின்றன. அவ்விரண்டற்கும் உள்ள உறவைக் கண் தானே அமைத்துக்கொள்ளுகின்றது. திரைபடிப்பான் எனப்படும் மென்பொருளுக்கோ அருகு, தொலைவு என்பன விளங்கா. அது படிவத்தின் உருவத்தைப் படிப்பதன்று. அவ்வுருவத்தை ஆக்கிய எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைப் படிப்பது. அக்குறிமொழியில் ‘லேபிள்’ என்றோர் உறுப்பு உண்டு. கட்டத்திற்கு ஓர் அடையாளப் பெயர் இட்டு, இன்ன லேபிள் இன்ன கட்டத்திற்கு உரியது என இணைத்துவிட்டால், நிரப்புவோர் அக்கட்டத்தை அடைந்தவுடனே கருவி ‘பிறந்த நாள்’ என்று ஒலிக்கும். இணையாவிடின், வெற்றுக் கட்டம் என்று மட்டும் ஒலிக்கும். இலக்கணம் பயில்வோர்க்கு ஏற்பச் சொல்வதாயின், கண்ணுடையார்க்குப் படிவம் ஒரு வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து நிற்பினும் பொருள் விளங்கும். கருவிக்கோ உருபு விரிந்தே நிற்றல் வேண்டும். உருபை விரித்தெழுத வேண்டுவது கட்டம் ஒன்றற்குச் சில சொற்களே. மேலும், லேபிள் இணைக்கப்பட்ட சிறு வட்டத்திற்கு அதன் அருகிலுள்ள எழுத்தைத் தொட்டாலும் குறி விழும். கை நடுங்குவோர்க்கும், சிறிய கைப்பேசியில் பெரிய விரலால் தொடுவோர்க்கும் இது பேருதவி.

திரைபடிப்பான் பெறுதற்கு அரிய பொருளன்று. மைக்கேல் கரன் என்னும் ஆஸ்திரேலியர், தாமும் பார்வையற்றவர், 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழையும் படிக்கின்றது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் டாக்பேக் என்பது உடன் வருகின்றது. நிரப்புவோர் தம் பக்கத்து வேலையை முடித்து நிற்க, எஞ்சியிருப்பது படிவம் ஆக்குவோர் பக்கத்து வேலையே.

லேபிளுக்குப் பதிலாகக் கட்டத்தின் உள்ளேயே மங்கிய சாம்பல் நிறத்தில் ‘உங்கள் பெயர்’ என்று எழுதிவிடுதல் இக்காலத்து வழக்கமாய்விட்டது. பார்ப்பதற்கு அழகாயிருக்கும். ஓர் எழுத்துத் தட்டியவுடனே அது மறைந்துவிடும். இடையில் எழுந்து சென்று மீண்டவர் இக்கட்டம் எதற்கென்று அறியாமல் எழுதியதை அழித்துப் பார்க்க வேண்டியதாகின்றது. அம்மங்கிய நிறமும் குற்றமுடையதே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பார் 1999-இல் முதன்முதல் வெளியிட்டு, 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் விரித்த அணுகல் வழிகாட்டு நெறிகளில், சிறிய எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்று வகுத்துள்ளனர். அழகு வேண்டி மங்கச் செய்தவர், வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவரையும், வயது முதிர்ந்தவரையும் ஒருங்கே மறந்தனர்.

தெரிவு வினாக்களில் நேரும் குற்றம் இதனினும் நுட்பமானது. ‘முன்னர் அரசுப் பணியில் இருந்ததுண்டா’ என்று வினவி, கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என இரு வட்டங்கள் வைக்கப்படும். வட்டங்கட்குத் தனித்தனி லேபிள் இருப்பினும், வினாவோடு அவற்றைத் தொகுக்கும் உறுப்பு இல்லையேல், கேட்போர்க்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகளே கேட்கும், வினா கேளாது. அடுத்தடுத்து இத்தகைய வினாக்கள் ஐந்து வந்தால் என் செய்வர்? தம்மீது குற்ற வழக்கு உண்டா என்னும் வினாவிற்கு அறியாமல் ‘ஆம்’ என்று குறித்தவர் நிலையை எண்ணிப் பார்க்க.

பெயர்க் கட்டத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் இவ்விடத்தில் தமிழர் அனைவரும் இடர்ப்படுகின்றனர். நம்மவர்க்குப் பெரும்பாலும் ஒரு பெயரும், தந்தை பெயரின் முதலெழுத்துமே உண்டு. குடிப்பெயர் எழுதும் வழக்கம் மிகுதியில்லை. படிவமோ முதற்பெயர், குடிப்பெயர் என இரண்டு கட்டங்களை அமைத்து, இரண்டும் கட்டாயம் என்கின்றது. ஒருவர் குடிப்பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை முழுதும் எழுதுகின்றார். ஒருவர் முதலெழுத்தை மட்டும் இடுகின்றார். அது குறைந்தது இரண்டெழுத்து வேண்டுமெனத் தள்ளப்படுகின்றது. மற்றொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுகின்றார். வேறொருவர் புள்ளி வைக்கின்றார். சிறப்புக் குறிகள் ஏற்கப்படா என்று சிவந்த எழுத்துத் தோன்றுகின்றது. எம் வகுப்பிலேயே ஞானஸ்நானப் பெயரும் வீட்டுப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்த நீண்ட பெயருடையார் உளர். அவர் பெயர் கட்டத்தின் எல்லை கடந்து பாதியில் வெட்டுண்டு நிற்கும். இவ்வாறு படிவத்தின் வற்புறுத்தலால் மாறிய பெயர், பின்பு சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் விண்ணப்பதாரரின் குற்றமாகத் திரும்பி வருகின்றது. பிரித்தானிய அரசினர் தம் இணையச் சேவைகளுக்கு வகுத்த வடிவமைப்பு நெறியில், முழுப்பெயர்க்கு ஒரே கட்டம் வைத்து, எழுதுவோர் தம் பெயரைத் தாம் வழங்குமாறே எழுத விடுவது நன்று என்று காட்டியுள்ளனர். ‘சான்றிதழில் உள்ளவாறு எழுதுக’ என்று ஒரு வரியும் உடன் சேர்த்தால் நம் நாட்டிற்கு வேறொன்றும் வேண்டா. தந்தை பெயரைக் கட்டாயமாக்கி, தாய் ஒருத்தியால் வளர்க்கப்பட்டாரை நிறுத்திவைக்கும் படிவங்களும் உள. அவற்றைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை.

அந்நெறியிலேயே வேறு சில அரிய செய்திகளும் கிடைக்கின்றன. பிறந்த நாளைக் குறிக்க நாட்காட்டி ஒன்றைத் திறந்து, அதில் 20 ஆண்டுகள் பின்னோக்கித் திங்கள் திங்களாக நகர்த்தச் செய்வது வீண் உழைப்பு. நாள், திங்கள், ஆண்டு என மூன்று சிறு கட்டங்கள் போதும் என்பது ஒன்று. எண் கட்டத்தைப் பற்றியது மற்றொன்று. எண்ணுக்கெனவே அமைந்த கட்டவகை ஒன்று எச்.டி.எம்.எல்லில் உண்டு. அதனுள் எண்ணைத் தட்டிவிட்டுப் பக்கத்தைக் கீழே நகர்த்தும் எண்ணத்தோடு மவுசின் சக்கரத்தை உருட்டினால், சில வேளைகளில் பக்கம் நகர்வதற்குப் பதிலாக எண்ணே கூடவும் குறையவும் செய்யும். இது போன்ற காரணங்களால் பிரித்தானியர் 2020-ஆம் ஆண்டில் அவ்வகையை விட்டு, எண்பலகையைக் காட்டும் சாதாரண எழுத்துக் கட்டத்தைக் கொள்ளலாயினர். இதனைப் படித்தபோது எமக்கு அந்த இரவு நினைவிற்கு வந்தது. யாம் செய்த பிழையும் இவ்வகையினதோ என்று ஐயுறுகின்றோம். உறுதி கூற இயலாது; உறக்கத்தில் விரலே தவறியுமிருக்கலாம். ஆனால் எழுதிய யாவற்றையும் திரட்டி ஒரு பக்கத்திற் காட்டி, ‘இவை சரியா’ என்று கேட்டபின் ஏற்கும் வழக்கம் அப்படிவத்தில் இருந்திருப்பின், பிழை எதுவாயினும் அவ்விரவே கண்டிருப்போம். சட்டத்தையும் பணத்தையும் பற்றிய படிவங்களில் அனுப்புமுன் சரிபார்க்கவேனும், அனுப்பியபின் திருத்தவேனும் இடந்தருதல் வேண்டும் என்பது மேற்சொன்ன வழிகாட்டு நெறிகளிலும் உண்டு.

பிழையை அறிவிக்கும் முறையும் கருதற்பாலது. கட்டத்தின் ஓரத்தைச் சிவப்பாக்கி வாளா இருப்பது நிறம் பிரித்தறியாதார்க்கும் பார்வையற்றார்க்கும் ஒன்றும் சொல்லாமைக்கு ஒப்பாகும். ‘தவறான உள்ளீடு’ என்பதும் அத்தகையதே. பின்கோடு ஆறு இலக்கம் வேண்டும், நீர் ஐந்தே எழுதியிருக்கின்றீர் என்றாற்போலச் சொல்லுதல் வேண்டும். பக்கத்தின் தலையில் பிழைகளைத் தொகுத்துக் காட்டி, ஒவ்வொன்றையும் தொட்டால் அக்கட்டத்திற்கே கொண்டு சேர்க்குமாறு செய்வது சாலவும் நன்று. ஒரு பிழை கண்டமைக்காகச் சரியாக எழுதிய முப்பதையும் அழித்துவிடும் படிவத்தைக் குறித்து என் சொல்வது!

காலக்கெடுவிற்குப் பாதுகாப்பே காரணம் என்பர். பொதுக் கணினியில் ஒருவர் திறந்து விட்டுச் சென்றதைப் பிறர் காணாதிருக்க அது வேண்டுவதே. ஆனால் கெடு முடியுமுன் எச்சரித்து, குறைந்தது 20 விநாடி தந்து, ஒரு விசையைத் தட்டினால் நீட்டிக்குமாறும், அவ்வாறு பத்து முறையேனும் நீட்டிக்குமாறும் அமைத்தல் வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. எழுதியவரை சேமித்து வைத்து, மறுநாள் விட்ட இடத்தினின்று தொடர விடுவது அதனினும் சிறந்தது. மின்சாரமும் இணைய இணைப்பும் அற்றற்றுப் போகும் ஊர்களில் வாழ்வோர்க்கு இஃது எத்துணை ஆறுதல் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனிக் கேப்சா. நிரப்புபவர் மனிதரா, இயந்திரமா என்று அறியும் பொருட்டு, 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து பெயரிட்ட சோதனை இது. கண்ணாற் காணக்கூடியவரே மனிதர் என்று அது கொள்வது போலாகின்றது. ஒலிவடிவக் கேப்சாவும் உண்டு. அதில் இரைச்சல் கலந்திருக்கும். திரைபடிப்பானின் குரலும் அதன்மேல் விழும். காதும் கேளாதார்க்கு அதுவும் பயனில்லை. இயந்திரத்தைத் தடுக்க வேறு வழிகள் இல்லாமலில்லை. கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பலாம், அதனை எழுதப் போதிய பொழுது தந்தால். மனிதர் கண்ணுக்குப் புலப்படாத கட்டம் ஒன்றை வைத்து, அதனை நிரப்புவது இயந்திரமே என்று கொள்ளலாம். ஆனால் அக்கட்டத்தைக் கண்ணுக்கு மட்டும் மறைத்து, திரைபடிப்பானுக்கு மறைக்காமல் விட்டால், எம் நண்பர் அதனையும் ஒழுங்காக நிரப்பி இயந்திரமெனத் தள்ளுண்பார்!

நம் நாட்டில் இவ்வளவும் வெறும் கருணையைப் பற்றியதன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 2.68 கோடி, அவருட் பார்வைக் குறைபாடுடையார் ஏறக்குறைய 50 லட்சம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பதவிகளில் அவர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குறைந்தது 4 விழுக்காடாக்கி, அதில் 1 விழுக்காட்டைப் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையினர்க்கும் வைத்தது. ஒதுக்கிய இடத்திற்கு வரும் வழியில் கேப்சாவை நிறுத்துவது, விருந்துக்கழைத்து வாயிலைத் தாழிடுவது போலும். 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோரும், பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக்கணக்கு முதலியவற்றிற்கு இணையவழியில் அடையாளங் காட்டுங்கால் காமிராவின் முன் கண் இமைக்குமாறு அப்போது கேட்கப்பட்டு வந்தது. அமிலத்தால் கண் சிதைந்தவர் எவ்வாறு இமைப்பர்? இணையச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நீதிபதிகள் கூறி, 20 கட்டளைகளும் பிறப்பித்தனர். வேலைப் படிவத்தைப் பற்றிய வழக்கன்றாயினும், இமைக்கச் சொன்ன காமிராவும் படத்தைப் பார்க்கச் சொன்ன படிவமும் ஓரினத்தவையே.

இவற்றையெல்லாம் படித்தபின், பிறர் படிவத்தைக் குறைகூறுவதோடு அமையாமல், எம் தமிழ் மன்றத்துக் கட்டுரைப் போட்டிக்காகக் கணினித் துறை நண்பர் ஒருவர் ஆக்கித்தந்த படிவத்தைச் சோதித்தோம். மவுசை அகற்றி, டேப் விசையொன்றையே கொண்டு கட்டங் கட்டமாகச் சென்றோம். துறையைத் தெரிவு செய்யும் பட்டியலை அடைய முடியவில்லை. பின்பு திரையை அணைத்துவிட்டு, என்.வி.டி.ஏ.வைக் கேட்டுக்கொண்டே நிரப்ப முயன்றோம். மூன்றாவது கட்டத்திலேயே வழி தவறினோம். எம் அறை நண்பர் அருகிலிருந்து நகைத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்லக் கணினி நண்பர் திருத்தினார். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது.

இவ்வாண்டில் எம் நண்பர் வேறொரு நிறுவனத்தின் படிவத்தை நிரப்பினார். தேவையான சான்றிதழ்கள் யாவை, கோப்புகள் எவ்வளவு பெரியனவாகலாம் என்பதெல்லாம் முதற் பக்கத்திலேயே சொல்லப்பட்டிருந்தன. தேர்வில் எழுத்தர் துணை வேண்டுமா என்றும் கேட்கப்பட்டிருந்தது. யாம் பக்கத்துக் கட்டிலில் நன்னூலை வைத்துக்கொண்டு படிப்பதுபோல் இருந்தோம். கருவி ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் சொல்லிக்கொண்டே சென்றது. ஏறக்குறைய அரைமணி நேரத்தில் முடித்து, எழுதியதனைத்தையும் ஒருமுறை கேட்டார். மதிப்பெண்ணை இருமுறை கேட்டார். அனுப்புமுன் எம்மை அழைத்து ஒன்றே ஒன்று வினவினார்: தாம் பதிவேற்றிய புகைப்படம் நேராக நிற்கின்றதா, தலைகீழாக இருக்கின்றதா என்று. நேராகவே இருந்தது.